கடையும் திரையும் – 9: முகவரி யாருடையது?

'பிசினஸ் டாட் சைட்' என்று முடியும் முகவரியைச் சில பழைய விசிட்டிங் கார்டுகளில் இன்றைக்கும் பார்க்கலாம். தையல் கடை, டிராவல்ஸ், அச்சகம் என்று சிறு தொழில் செய்கிறவர்களுக்காக கூகுள் 2017-ல் தொடங்கிய இலவச இணையதள வசதி அது. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்துவிட்டால் போதும். பெயர், போன் நம்பர், கடை திறக்கும் நேரம், போட்டோக்கள் எல்லாம் தானாகவே ஒரு பக்கமாகச் சேர்ந்துகொள்ளும். பைசா செலவில்லை. டெவலப்பரும் வேண்டாம்.

2024 மார்ச்சில் கூகுள் அந்த வசதியை நிறுத்தியது. ஜூன் 10 வரை, பழைய முகவரிக்கு வந்தவர்களைக் கடையின் கூகுள் விவரப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அதன்பிறகு அதுவும் இல்லை. கார்டு, போர்டு, பில் புத்தகம், கட்டைப்பை என்று அச்சடித்த இடத்திலெல்லாம் முகவரி செல்லாக்காசானது. கூகுளைத் திட்டிப் பயனில்லை. முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் மூடினார்கள். யாஹூவும் இதையே செய்திருக்கிறது. 1999-ல் சுமார் 357 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. லட்சக்கணக்கானவர்களின் பக்கங்கள் அதோடு போயின.

"எதில் சார் வெப்சைட் பண்ணலாம்?" என்று கேட்கும் கடைக்காரரிடம் வேர்ட்பிரஸ், விக்ஸ், ஷாப்பிஃபை, ரியாக்ட் என்று பெயர்களை அடுக்குவார்கள். ஒவ்வொன்றிலும் என்னென்ன வசதி என்ற பட்டியலும் கூடவே வரும். பட்டியலில் வராத கேள்வி ஒன்று உண்டு. நாளைக்கு இதை விட்டுப் போக வேண்டியிருந்தால் கையில் என்ன மிஞ்சும்?

இஸ்ரேலிய நிறுவனமான விக்ஸில் பெட்டிகளை இழுத்து வைத்தே ஒரு நாளில் தளம் கட்டிவிடலாம். ஆனால் கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு சர்வரில் வைக்க முடியாது. இதை விக்ஸே தன் உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறது. அதற்காக விக்ஸ் வேண்டாம் என்பதில்லை. முப்பது போட்டோவும் ஒரு வாட்ஸ்அப் பட்டனும் இருந்தால் போதும் என்கிற மணப்பெண் அலங்காரக் கலைஞருக்கு அது தாராளம். போட்டோக்கள் அவரிடமே இருக்கின்றன. இடம் மாறினால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இரண்டாயிரம் உதிரிபாகங்களை விலையோடு பட்டியலிடும் மோட்டார் கடைக்காரருக்குத்தான் அது தலைவலி.

ஷாப்பிஃபையின் கதை வேறு. ஜெர்மனியிலிருந்து கனடாவின் ஒட்டாவாவுக்குக் குடிபெயர்ந்த டோபி லுட்கே, 2004-ல் நண்பரோடு சேர்ந்து 'ஸ்னோடெவில்' என்ற பெயரில் பனிச்சறுக்குப் பலகை விற்கும் இணையக் கடையைத் தொடங்கினார். அன்றைக்குக் கிடைத்த கடை மென்பொருள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் வெளிவந்திருந்த ரூபி ஆன் ரெயில்ஸைக் கொண்டு தானே ஒன்றை எழுதினார். பலகையைவிட அந்த மென்பொருளுக்குத்தான் மவுசு என்று புரிந்ததும், 2006-ல் அதையே ஷாப்பிஃபை என்று விற்க ஆரம்பித்தார்.

'நமக்கென்று தனியாக எழுதிக்கொள்வோம்' என்று ஆசை காட்டுகிறவர்கள் இந்தக் கதையை மேற்கோள் காட்டுவதுண்டு. பொருந்தாத மேற்கோள். ஸ்னோடெவிலில் மென்பொருளை எழுதியவரே முதலாளி. ஊரில் மளிகைக் கடைக்குத் தனி மென்பொருள் எழுதிக் கொடுக்கும் இளைஞர், இரண்டு வருடத்தில் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விடுவார். அவர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ள வருகிற அடுத்த ஆள், பெரும்பாலும் "முதலிலிருந்து செய்துவிடலாம் சார்" என்பார்.

மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003-ல் தொடங்கிய வேர்ட்பிரஸ் இந்தச் சிக்கலுக்கு ஓரளவு விடை தருகிறது. உலக இணையதளங்களில் பத்துக்கு நான்குக்குக் குறையாமல் அதில்தான் ஓடுகின்றன என்பதால், தெரிந்த ஆள் எந்த ஊரிலும் கிடைப்பார். கோப்புகளையும் டேட்டாபேஸையும் எடுத்துக்கொண்டு ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம்.

ஆனால் பராமரிப்பு பாக்கி. 2011 ஆகஸ்ட்டில் நடந்தது நல்ல பாடம். 'டிம்தம்ப்' என்று ஒரு சின்ன பிஎச்பி கோப்பு. படங்களைச் சிறிதாக்குவது அதன் வேலை. பிளாகர், ஃபிளிக்கர் போன்ற சில தளங்களிலிருந்து மட்டும் படம் எடுக்க அதற்கு அனுமதி. வரும் முகவரியில் 'பிளாகர் டாட் காம்' என்ற எழுத்துகள் எங்காவது இருக்கின்றனவா என்று மட்டுமே அது பார்த்தது. திருடர்கள் தங்கள் தளத்தின் பெயருக்கு முன்னால் அந்த எழுத்துகளை ஒட்டவைத்துக்கொண்டார்கள், காவல் விலகிவிட்டது. படம் என்ற பெயரில் நிரலை உள்ளே அனுப்பினார்கள். விற்பனையான, இலவசமாகக் கிடைத்த பல தீம்களுக்குள் இந்தக் கோப்பு ஒளிந்திருந்ததால், தங்கள் தளத்தில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்களும் அடிபட்டார்கள். இன்றைக்கும் வேர்ட்பிரஸ் தளங்களில் ஓட்டை விழுவது பெரும்பாலும் பிளக்-இன்கள் வழியாகத்தான். மாதம் ஒருமுறை அப்டேட் செய்ய ஆள் இல்லையென்றால், வேர்ட்பிரஸ் பக்கம் போகாமலிருப்பதே மேல்.

அப்படியானவர்களுக்கு வெறும் எச்.டி.எம்.எல். இருக்கவே இருக்கிறது. டேட்டாபேஸ் இல்லை, பிளக்-இன் இல்லை. வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே நிறுவனத்தின் முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம்: வெள்ளைப் பின்னணி, வரிசையாகச் சில இணைப்புகள், அவ்வளவுதான். 2024-ல் ஒரு லட்சம் கோடி டாலர் மதிப்பைத் தொட்ட நிறுவனம் அது. முகவரி, நேரம், விலைப்பட்டியல், போன் நம்பர் ஆகியவற்றுக்கு மேல் சொல்ல எதுவுமில்லாத கடைக்கு நான்கு பக்க எச்.டி.எம்.எல். போதும். தீபாவளிக்கு விலையை யார் மாற்றுவது என்பதை மட்டும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். எழுதிக் கொடுத்தவரைத் தவிர யாருக்கும் மாற்றத் தெரியாது என்றால், ஆடித் தள்ளுபடி அறிவிப்பு மார்கழியிலும் தொங்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் டொமைன் பெயர் முதலாளியின் பெயரில், முதலாளியின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். பல ஊர்களில் டெவலப்பர் தன் கணக்கிலேயே வாங்கிப் போட்டுவிடுகிறார். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. அவருக்கு அதுதான் சுலபம். ஆனால் புதுப்பிக்கச் சொல்லும் மெயிலும் அவருக்குத்தான் போகும். அவர் கவனிக்காமல் விட்டு ஒரு டாட் காம் பெயர் காலாவதியானால், பதிவு நிறுவனம் தரும் அவகாசம் முடிந்ததும் 30 நாள் மீட்புக் காலம் தொடங்குகிறது. அதில் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதுவும் கடந்தால் அந்தப் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். போட்டிக் கடைக்காரரே வாங்கலாம்.

ஆகவே வேலையை ஒப்படைக்கும் நாளில் கேட்டு வாங்க வேண்டியவை: டொமைன் கணக்கின் லாகின், ஹோஸ்டிங் லாகின், தளத்தின் முழு பேக்கப், போட்டோக்களின் அசல். முதல் இரண்டுக்கும் பாஸ்வேர்டை அங்கேயே, அவர் எதிரிலேயே மாற்றிவிட வேண்டும். கடைசித் தவணைப் பணம் அதற்குப் பிறகு.

(ஆர்டர் வந்துவிட்டது, பணத்தை எப்படி வாங்குவது? அடுத்த வாரம்.)