முதல் செமஸ்டரில் எந்தப் பாடம், எந்த விரிவுரையாளர்? ஜொகூரில் படிக்கப் போகும் உங்கள் கையில் இருப்பது என்ன?

ஸ்கூடாயில் உள்ள யூடிஎம்மிலோ, பாரிட் ராஜாவில் உள்ள யூடிஎச்எம்மிலோ உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஓரியன்டேஷன் முடிவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் ஆலோசனைகள் குவிய ஆரம்பித்துவிடும். "அந்த டாக்டர்கிட்ட மட்டும் போகாதே, மார்க்கே போடமாட்டாரு." "இந்த மேடம் செக்‌ஷன்ல போடு, ஈசியா ஏ எடுத்துடலாம்." சீனியர் அண்ணன், அக்காமார் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதை நம்பி செக்‌ஷனை மாற்றுவதற்கு முன்னால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தேர்வு உங்கள் கையில் இல்லை. இணையத்தில் "பேராசிரியரை எப்படித் தேர்ந்தெடுப்பது" என்று தேடினால் வருவதில் பெரும்பகுதி அமெரிக்கக் கதை. அங்கே பல கல்லூரிகளில் முதல் ஆண்டில் என்ன படிப்பது என்பதையே மாணவர் முடிவு செய்யலாம். மலேசியாவில் நீங்கள் ஒரு குறிப்பிட்ட பட்டப்படிப்புக்குள்தான் நுழைகிறீர்கள். முதல் செமஸ்டரின் முக்கியப் பாடங்களை ஃபேகல்டியே முடிவு செய்திருக்கும். பல இடங்களில் அவற்றை முன்கூட்டியே உங்கள் பெயரில் பதிவும் செய்துவிடுவார்கள். 'பெங்ஹாயாத்தான் எத்திகா டான் பெராடாபான்' போன்ற பொதுப் பாடங்களைத் தள்ளிப்போடலாமே தவிர தவிர்க்க முடியாது. இஸ்கண்டார் புத்ரியில் உள்ள நியூகாசல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை கொஞ்சம்தான் பொருந்தும். ஐந்தாண்டு எம்பிபிஎஸ்ஸில் அட்டவணையை அவர்களே தந்துவிடுவார்கள்.

அப்படியென்றால் உங்களுக்கு மிஞ்சுவது என்ன? ஒரே பாடத்தின் எந்த செக்‌ஷன், எந்த மொழிப் பாடம், எந்தக் கோ-குரிக்குலம், மொத்தம் எத்தனை கிரெடிட். பார்க்கச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் கடன் வாங்கிப் படிப்பவருக்கு இவை பணக் கணக்கு.

முதல் செமஸ்டர் ஏன் பெரிய விஷயம்?

"ஃபர்ஸ்ட் செம் தானே, அப்புறம் தூக்கிடலாம்" என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பட்டப்படிப்பு மொத்தம் 130 கிரெடிட். முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்து 2.40 வாங்குகிறீர்கள். மீதி 115 கிரெடிட்டிலும் சராசரியாக 3.70 எடுக்கிறீர்கள், அதாவது அநேகமாக எல்லாப் பாடத்திலும் ஏ அல்லது ஏ மைனஸ். முடிவில் உங்கள் சிஜிபிஏ 3.55. முதல் வகுப்புக்கான எல்லைக்கோடு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அதை 3.70 என்று வைத்துக்கொண்டால், முதல் செமஸ்டரின் சறுக்கலை ஈடுகட்ட மீதி எல்லா செமஸ்டரிலும் சராசரி 3.87 வேண்டும்.

இதில் பிடிபிடிஎன் எங்கே வருகிறது? முதல் வகுப்பில் தேறியவர்கள் அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம், படிப்பை உரிய காலத்தில் முடித்திருப்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. அந்த எல்லைக்கோட்டை 0.15 புள்ளியில் தவறவிட்டால் முழுக் கடனையும் கட்ட வேண்டும். இன்னொரு முனையில், சிஜிபிஏ 2.00க்குக் கீழே போனால் கடன் தவணையே நின்றுபோகலாம். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு இந்த இரண்டும் எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்காக 'ஈசி' லெக்சரரைத் தேடிப் போகலாமா?

பல முதலாண்டுப் பாடங்களில், குறிப்பாகக் கணிதம், புரோகிராமிங் போன்றவற்றில், எல்லா செக்‌ஷனுக்கும் இறுதித் தேர்வுத் தாள் ஒன்றுதான். தாராளமாக மதிப்பெண் தருபவர் என்று பெயர் எடுத்தவரால் குவிஸ், அசைன்மென்ட் மதிப்பெண்ணில்தான் கொஞ்சம் கைகொடுக்க முடியும். ஹாலில் உட்காரும்போது அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது மட்டும்தான் கூட வரும்.

இதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்க விமானப்படை அகாடமியில் விரிவுரையாளரைத் தேர்வு செய்யும் உரிமை மாணவருக்குக் கிடையாது. யாருக்கு யார் என்பது குலுக்கல் மாதிரி ஒதுக்கப்படுகிறது. பாடத்திட்டமும் தேர்வும் எல்லோருக்கும் ஒன்று. அதனால் ஒப்பிடுவது சுலபம். பத்தாயிரத்துக்கும் அதிகமான மாணவர்களின் மதிப்பெண்களை அலசி, ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2010ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அனுபவம் குறைந்த விரிவுரையாளர்களிடம் கால்குலஸ் படித்தவர்கள் அந்தப் பாடத்தில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள், அவர்களைப் புகழ்ந்தும் எழுதினார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து வரும் கடினமான பாடங்களில் பின்தங்கியது அவர்கள்தான். அனுபவமுள்ள, கொஞ்சம் கறாரான விரிவுரையாளர்களிடம் படித்தவர்கள் அங்கே முன்னேறியிருந்தார்கள்.

இதற்காகக் கஷ்டப்படுத்துபவர் எல்லாம் நல்ல ஆசிரியர் என்று ஆகிவிடாது. சிலர் வெறுமனே மோசமாகத்தான் நடத்துவார்கள். ஆகவே சீனியரிடம் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். "மார்க் போடுவாரா?" என்று கேட்காதீர்கள். "குவிஸ் பேப்பரைத் திருத்தித் திருப்பித் தருவாரா? சந்தேகம் கேட்டுப் போனால் ரூமில் இருப்பாரா? ஸ்லைடை அப்படியே வாசிக்கிறாரா, போர்டில் கணக்குப் போட்டுக் காட்டுகிறாரா?" என்று கேளுங்கள். கோர்ஸ் அவுட்லைனையும் வாங்கிப் பாருங்கள். கோர்ஸ்வொர்க்குக்கு எவ்வளவு, ஃபைனலுக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். பரீட்சை ஹாலில் பதறும் ஆளாக இருந்தால் அந்த விகிதம்தான் உங்களுக்கு முக்கியத் தகவல்.

கிரெடிட் என்பது நேரம்

மலேசியத் தகுதி முகமையின் கணக்குப்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, சொந்தப் படிப்பு, அசைன்மென்ட், தேர்வு எல்லாம் அதில் அடங்கும். 15 கிரெடிட் என்றால் 600 மணி நேரம். 14 வாரத்தில் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 43 மணி நேரம். 18 கிரெடிட் எடுத்தால் 51 மணி நேரத்தைத் தாண்டும். வார இறுதியில் ஜேபியில் ஏதாவது மாலில் பகுதிநேர வேலை பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் அந்த மணி நேரத்தையும் இதோடு கூட்டிப் பாருங்கள்.

பழைய அட்டவணையை நம்பாதீர்கள்

இது ஜொகூருக்கே உரிய சிக்கல். 2014 முதல் 2024 கடைசி வரை இங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறு. "வியாழக்கிழமை ஃப்ரீயா வெச்சுக்கோ, வீட்டுக்குப் போக லோங் வீக்கெண்ட் கிடைக்கும்" என்று மூத்த சீனியர் சொன்னால், அது பழைய காலண்டர். இப்போது பார்க்க வேண்டியது வெள்ளியும் திங்களும். வெள்ளி மதியம் தொழுகைக்கு இடைவெளி உண்டு என்பதால், அதற்குப் பிறகு ஒரு வகுப்பு இருந்தால் சிகாமட்டுக்கோ குளுவாங்குக்கோ பஸ் பிடிக்க மாலை ஆகிவிடும்.

இன்னொன்று, தூரம். யூடிஎம் ஸ்கூடாய் வளாகம் ஆயிரம் ஹெக்டேருக்கும் அதிகம். ஒரு ஃபேகல்டியில் பத்து மணிக்கு முடிந்து, அதே பத்து மணிக்கு இன்னொரு ஃபேகல்டியில் ஆரம்பிக்கும் அட்டவணை திரையில் அழகாகத்தான் இருக்கும். வளாக பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் அதன் அருமை புரியும். வருகை 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வு எழுத விடாத விதி பல இடங்களில் உண்டு.

மாற்றவோ கைவிடவோ நினைத்தால்

செமஸ்டர் தொடங்கிய முதல் சில நாட்கள்தான் சேர்க்க, நீக்கக் காலம். அதற்குள் நீக்கினால் சுவடு இருக்காது. பிறகு விலகினால், பல பல்கலைக்கழகங்களில் அது டிரான்ஸ்கிரிப்டில் பதிவாகும். கஷ்டமாக இருக்கிறது என்று கணிதத்தையோ புரோகிராமிங்கையோ நீக்குவதற்கு முன், அடுத்து எந்தப் பாடங்கள் அதை முன்நிபந்தனையாகக் கேட்கின்றன என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறைதான் அந்தப் பாடம் வரும் என்றால், ஒரு நீக்கலில் ஒரு வருடம் போய்விடும். அப்புறம் "உரிய காலத்தில் முடிக்க வேண்டும்" என்ற பிடிபிடிஎன் நிபந்தனை வந்து நிற்கும். எதையாவது தள்ளிப்போட வேண்டும் என்றால் மொழிப் பாடத்தையோ கோ-குரிக்குலத்தையோ தள்ளிப்போடுங்கள். முழுநேர மாணவருக்கான குறைந்தபட்ச கிரெடிட்டுக்குக் கீழே போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து வருபவர்கள் முதல் வாரத்திலேயே கிரெடிட் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். பாடத்தில் குறைந்தது சி கிரேடு, உள்ளடக்கத்தில் 80 விழுக்காடு ஒற்றுமை என்பது பொதுவான அளவுகோல். டிப்ளோமா பாடத்தின் சிலபஸை அச்செடுத்துக் கையோடு வைத்திருங்கள், கேட்பார்கள்.

இவ்வளவுக்கும் உங்களுக்கு ஒரு கல்வி ஆலோசகர் இருக்கிறார், எல்லோரும் 'பிஏ' என்பார்கள். பலர் அவரைக் கையெழுத்து வாங்க மட்டும்தான் பார்க்கப் போகிறார்கள். எந்தப் பாடம் எந்த செமஸ்டரில் வரும், எது ஆண்டுக்கு ஒருமுறை என்பது சீனியரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சேர்க்க, நீக்கக் காலம் முடிவதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு நேரில் போங்கள். 'டாக்டர்', 'ப்ரொஃப்' என்ற பட்டத்தைச் சரிபார்த்து எழுதுங்கள். உங்கள் மெட்ரிக் எண்ணைக் குறிப்பிட மறக்க வேண்டாம்.