முதல் நெடுந்தொலைவு ஓட்டம்

நெடுந்தொலைவு ஓட்டத்தில் முதன்முறை கலந்துகொள்ளும் மாணவர் பலர், சீழ்க்கை ஒலித்ததும் பாய்ந்தோடி, பாதி வழியிலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிடுவதை நாம் கண்டிருக்கின்றோம். குறிக்கோள் பிழைத்ததே காரணம். முதல் ஓட்டத்தை முடிப்பதே போதிய குறிக்கோளாகும், பரிசை மறந்துவிடலாம்.

வாரத்தில் மூன்று நாள், வெயில் ஏறுமுன், தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிப் பழகுக. உடன் ஓடும் தோழனோடு பேச இயலும் வேகமே தக்க வேகம். மூச்சு வாங்கினால் நடக்கலாம், அதில் வெட்கமில்லை. மூச்சும் இதயமும் விரைவில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் மெல்லவே வலுப்பெறும். ஆதலின், தொலைவை வாரந்தோறும் சிறிதளவே கூட்டுதல் வேண்டும். இடையிடையே ஓய்வு நாளும் வேண்டும்.

விலையுயர்ந்த காலணி வாங்க இயலவில்லையே என வருந்தும் பெற்றோர்க்கு ஒரு செய்தி: 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய சிங்கப்பூர் வீரர் பி. சி. சுப்பையா, வெறுங்காலுடன் ஓடிப் பெயர்பெற்றவர். ஆயினும், முள்ளும் கண்ணாடித் துண்டும் கிடக்கும் பாதையில் பிள்ளைகள் அவ்வாறு ஓடுதல் கூடாது.