வாலுக்குப் பின்னால் போகாதீர்கள்!

இரட்டை இயந்திர விமானம்தானே, பெரிய இலக்கு, சுலபமாக வீழ்த்திவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ‘கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்’ கணினி விளையாட்டில் ஸ்பிட்ஃபயரை ஓட்டி, ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 110-ஐ ஒரு வாரம் துரத்தினேன். ஒவ்வொரு முறையும் கடலில் விழுந்தது நான்தான்.

அதன் மூக்கில் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டு, இயந்திரத் துப்பாக்கிகள் நான்கு. நேருக்கு நேர் போனால் கதை முடிந்தது. சரி, வாலுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம் என்றால், அங்கே துப்பாக்கியோடு இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார்!

பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் கேட்டார்: “டேய், அவருக்கு வாலுக்கு அடியில் தெரியுமா?”

தெரியாது! கீழே பாய்ந்து வேகம் சேர்த்து, அடியிலிருந்து மேலேறிச் சுட வேண்டும். ஆனால், மூக்கைச் சட்டென்று அமுக்கிவிடாதீர்கள். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இயந்திரத்துக்கு எரிபொருள் தடைப்பட்டு இருமும் (இதற்கே எனக்கு மூன்று நாள் போனது). தலைகீழாகப் புரண்டு, பிறகு இழுங்கள். திரும்புவதில் 110 மந்தம். 1940-இல் அதன் விமானிகளே வட்டமாகச் சுற்றி, ஒருவர் வாலை மற்றவர் காத்தார்கள்.

நேற்றிரவு முதன்முறையாக ஒன்றை வீழ்த்தினேன். இரண்டு வான்குடைகள் விரிந்தன. விளையாட்டுதான், ஆனாலும் இரண்டா என்று எண்ணிப் பார்த்தேன்.