எந்த நிரலுக்கு எந்தக் கோர்?

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில், துவாக்குடியை ஒட்டியுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று 'பரம் பொருள்' என்னும் மீத்திறன் கணினி தொடங்கி வைக்கப்பட்டது. தேசிய மீத்திறன் கணினி இயக்கத்தின் கீழ் சி-டாக் நிறுவனம் அமைத்த இதன் வேகம் 838 டெராஃபிளாப், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள். ஆனால் இவ்வேகம் ஒரே செயலியில் அடங்கியிருப்பதன்று. 'கணு' எனப்படும் தனித்தனிக் கணினிகள் பல அதிவேக வலையமைப்பால் இணைக்கப்பட்டு, அவற்றில் சில கிராபிக்ஸ் கார்டுகளையும் தாங்கி நிற்பதால் கிடைப்பது. ஆகவே, நிரலின் எப்பகுதி எந்தக் கோரில், அதாவது செயலிக்குள் தனித்துக் கணக்கிடும் எந்த அலகில், ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது வேகத்தின் பெரும்பகுதியை நிர்ணயிக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்த கஜாவைப் போன்ற ஒரு புயலைக் கணினியில் மீண்டும் நிகழ்த்தி ஆராய்வதாகக் கொள்வோம். வானிலை நிரல் கடலையும் கரையையும் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியையும் ஒரு கோரிடம் ஒப்படைக்கிறது. காற்று எல்லை பார்த்து வீசுவதில்லையாதலால், காலம் ஒரு படி நகரும்தோறும் நாகப்பட்டினத் தொகுதி தன் விளிம்பு மதிப்புகளை வேதாரண்யத் தொகுதிக்குத் தர வேண்டும். இரண்டும் ஒரே செயலிக்குள் இருந்தால் இப்பரிமாற்றம் விரைவில் முடியும். வெவ்வேறு கணுக்களில் இருந்தால் வலையமைப்பைக் கடந்து செல்ல வேண்டியிருப்பதால், தாமதமாகும் ஒரு கோருக்காக மற்றவை அனைத்தும் காத்துக்கிடக்கும்.

இதனினும் நுட்பமானது நினைவகத்தின் இடம். இரண்டு செயலிகள் கொண்ட கணுவில் ஒவ்வொரு செயலிக்கும் அருகில் அதற்கே உரிய நினைவகம் இருக்கும். மற்றதன் நினைவகத்தை அது அணுக முடியுமெனினும், அது வயலோரத்து வாய்க்காலை விட்டு ஆற்றின் அக்கரையிலிருந்து நீர் இறைப்பதற்கு ஒப்பாகும். லினக்ஸ் இயங்குதளமோ, ஒரு தரவுப் பக்கத்தில் முதன்முதலாக எழுதுகின்ற கோர் எதுவோ, அதற்கு அருகிலுள்ள நினைவகத்திலேயே பொதுவாக அப்பக்கத்தை அமர்த்துகிறது. எனவே எல்லாத் தரவையும் ஒரே கோரைக் கொண்டு நிரப்பிவிட்டுப் பிறகு வேலையை நாற்பது கோர்களுக்குப் பகிர்ந்தால், அவற்றுள் பாதி தொலைவிலுள்ள நினைவகத்தையே நாடி நிற்கும். பிழைச் செய்தி ஏதும் வராது, விடையும் சரியாகவே இருக்கும், காலம் மட்டும் கூடும். இத்தவறு எளிதில் கண்ணில் படாததற்கு இதுவே காரணம்.

புயல் நிரலைப் போல வேலைகளை நெருக்கி வைக்கும் ஏற்பாடு நெல் மரபணு ஆய்வுக்குப் பொருந்தாது. 12 குரோமோசோம்களில் ஏறத்தாழ 39 கோடி எழுத்துகள் கொண்ட நெல்லின் மரபணுத் தொகுதியை, 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடந்துவரும் ஆடுதுறையின் ரகங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவதானால், ஒரு ரகத்தின் வேலைக்கும் அடுத்ததன் வேலைக்கும் பேச்சே இல்லை. ஆகவே அவற்றை நெருக்கி வைப்பதைவிட இரு செயலிகளுக்கும் சமமாகப் பரப்பி, நினைவகத்தின் பாதை அடைபடாமல் பார்த்துக்கொள்வதே சிறந்தது.

இத்தகைய கணினிகளில் பயனர்களின் வேலைகளை வரிசைப்படுத்தி வளங்களை ஒதுக்கும் மென்பொருள் 'ஸ்லர்ம்'; கோர்களையும் கிராபிக்ஸ் கார்டுகளையும் இன்ன வேலைக்கு இன்னவை என்று பிணைக்கும் வசதி அதிலேயே உள்ளது. தனிக்கணினியில் 'டாஸ்க்செட்' என்னும் லினக்ஸ் கட்டளை கோர்களை வரையறுக்கிறது. கார்டு விஷயத்தில் புதியவர்களைத் தடுமாறச் செய்யும் ஒன்றுண்டு: மூன்றாவது கார்டு மட்டும் ஒதுக்கப்பட்ட நிரலின் கண்ணுக்கு அது பெரும்பாலும் பூச்சியம் என்ற எண்ணிலேயே தெரியும், உண்மை எண்ணை நிரலில் எழுதி வைத்தால் அப்படியொரு கார்டே இல்லையென்ற பதில் வரும். கார்டு எந்தச் செயலியோடு நேரடியாக இணைந்துள்ளதோ, அச்செயலியின் கோர்களையே அதற்குத் துணையாக வைப்பதும் அவசியம்.

வீட்டுக் கணினியில் பாட்டும் உலாவியும் ஓடும்போது இவற்றில் கைவைக்கத் தேவையில்லை. அங்கே இயங்குதளத்தின் தீர்ப்பே பெரும்பாலும் மேலானது, தவறாகப் பிணைத்தால் வேகம் குறையவே செய்யும். பலர் வரிசையில் காத்திருக்கும் பொதுக் கணினியின் நிலை வேறு. அங்கு நீண்ட வேலையை அனுப்பும் ஆய்வு மாணவர்கள், முதலில் சில நிமிடச் சோதனை ஓட்டத்தில் எந்தப் பகுதி எந்தக் கோரில் அமர்ந்துள்ளது என்ற பிணைப்பு விவரத்தை அச்சிட்டுப் பார்த்த பின்னரே முழு வேலையையும் சமர்ப்பிக்க வேண்டும்.