வட்டம் ஏன் முட்டையானது?

சேலைக்கு வட்டமாக ஒரு புட்டா, அதாவது சின்னப் பூ, வரைந்து தறியில் ஏற்றுகிறார்கள். சேலையில் முட்டை வந்து நிற்கிறது. வரைந்தவர் கை பிசகவில்லை, கணக்குதான் பிசகியது. கிராஃப் தாளில் ஒரு கட்டம் என்றால் நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு இழையும் குறுக்கே ஓடும் ஓர் ஊடை இழையும் குறுக்கிடும் இடம். அங்குலத்துக்குப் பாவு 100, ஊடை 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு நூறு கட்டத்தில் போட்ட வட்டம் அகலத்தில் ஓர் அங்குலம் வரும், உயரத்தில் ஒன்றேகால்.

பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஆரணி போன்ற ஊரில் இது சிரித்துவிட்டுப் போகிற தப்பு இல்லை. துளையிட்ட அட்டைகளைப் பார்த்துப் பாவு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டியில் பொதுவாக ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அந்தச் சின்னப் பூவுக்கே நூறு அட்டை துளைத்து, வரிசையாகக் கோத்து, மாட்டி, நெய்து பார்த்த பிறகுதான் முட்டை கண்ணில் படும். அதற்குள் போன சரிகை போனதுதான்.

இந்த நஷ்டத்தைத் தவிர்க்க உதவும் நெசவு மென்பொருள் முதலில் கேட்பதே இழைக் கணக்கைத்தான். எந்த இழை மேலே, எது கீழே என்று ஒவ்வொரு குறுக்கீடாகக் கணக்கிட்டு, நெய்யாத துணியைத் திரையில் விரித்துவிடும். சரிகை நிறைய பாவு இழைகளைத் தாண்டிப் பிடிப்பில்லாமல் கிடக்கிறதா? அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இல்லாவிட்டால் கல்யாண வீட்டில் யாரோ ஒருத்தியின் வளையல் அதைக் கண்டுபிடிக்கும்.

ஜக்கார்டின் அட்டையைக் கணிப்பொறி யோசனைக்குக் கடன் வாங்கினார் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பாபேஜ். அந்தக் கடனைத் திருப்பியவர் கணிப்பொறி நிறுவனமான ஐபிஎம்மின் ஜானிஸ் லூரி என்பேன். 1968-இல் அமெரிக்காவின் சான் அன்டோனியோ கண்காட்சியில், பார்வையாளர்கள் ஒளிப்பேனாவால் திரையில் வரைந்ததை அவருடைய மென்பொருளின் வழியே அங்கேயே தறி நெய்தது. இன்று நம் நாட்டிலேயே டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கிய ‘டிஜிபுனாய்’ இருக்கிறது. திறந்த மூல மென்பொருள்.

ஆனால் மயில் கழுத்து நிறத்தில் திரை திணறும். பாவு நீலம், ஊடை பச்சை. பட்டு நுண்ணிழையின் குறுக்குவெட்டு கிட்டத்தட்ட முக்கோணம். அதில் பட்டுத் திரும்பும் ஒளி, சேலை அசைய அசைய ஒரு சமயம் நீலத்தையும் ஒரு சமயம் பச்சையையும் தூக்கிக் காட்டும். திரையில் தெரியும் சாதாரணப் படமோ இரண்டையும் கலந்து ஒரே நிறமாகப் பூசிவிடுகிறது. அதைவிட, இரண்டு நூலையும் அடுத்தடுத்து விரலில் சுற்றி, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது மேல்.