சத்திரசிகிச்சைப் பிரசவமும் தாதியின் காவலும்

“சத்திரசிகிச்சை முடிந்தது; தாயும் சேயும் நலம்” என்ற செய்தி வந்ததும், வெளியே காத்திருக்கும் உறவினர் ஆறுதல் அடைகின்றனர். ஆனால், தாதியின் விழிப்பான காவல் அந்நேரத்திலேதான் தொடங்குகின்றது. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தபின் தாய்க்கு நேரக்கூடிய கேடுகளுள் முதன்மையானவை மூன்று. குருதிப்பெருக்கு, கிருமித்தொற்று, குருதி உறைகட்டி என்பனவே அவை.

இவற்றுள் குருதிப்பெருக்கே மிக விரைந்து உயிரைக் கவரவல்லது. பிள்ளை பிறந்ததும் கருப்பை இறுகிச் சுருங்குதல் வேண்டும். அவ்வாறு சுருங்கும்போதே, நஞ்சுக்கொடி பற்றியிருந்த இடத்துக் குருதிக்குழாய்கள் நெரிக்கப்பட்டு அடைபடும். கருப்பை தளர்ந்துவிடின் குருதி பெருகும். 1,000 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட இழப்பு பேராபத்தின் அறிகுறியாகும். வெளியே தோன்றும் குருதியை மட்டும் நம்புதல் ஆகாது. அது வயிற்றினுள்ளும் தேங்கலாம். இளம் உடலானது பெருமளவு குருதியை இழக்கும்வரை குருதியமுக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும். நாடியோ பெரும்பாலும் அதற்கு முன்னரே விரைந்துவிடும். ஆகவேதான் தாதியர் முதற் சில மணித்தியாலங்களில் கால் மணிக்கொருமுறை நாடியைப் பார்க்கின்றனர். அடிவயிற்றைத் தொட்டுக் கருப்பையின் இறுக்கத்தை அறிகின்றனர். சிறுநீர் மணிக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறையினும் உடனே வைத்தியருக்கு அறிவிக்கின்றனர்.

இரண்டாவது, கிருமித்தொற்று. 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், கைகளைக் குளோரின் கரைசலாற் கழுவச் செய்து பிரசவக் காய்ச்சலால் நேர்ந்த மரணங்களைப் பெரிதும் குறைத்தார். இன்று வயிற்றைக் கீறுமுன்னரே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கப்படுகின்றது. எனினும், தூய கைகளுக்கு ஈடான காவல் பிறிதில்லை. புண்ணின் தொற்றுப் பெரும்பாலும் சில நாட்கள் கழித்தே தலைகாட்டும். அப்போது தாய் வீடு சேர்ந்திருப்பாள். காய்ச்சல், புண்ணிற் சிவப்பு, சீழ், துர்நாற்றமுள்ள கசிவு ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். வேது கொள்ளும் வழக்கமுடைய வீட்டார், கொதிநீரை இப்புண்ணின்மீது வீசுதல் கூடாது.

மூன்றாவது, குருதி உறைகட்டி. கருவுற்ற காலத்திலும் பிரசவத்தை அடுத்த வாரங்களிலும் குருதி எளிதில் உறையும் இயல்பினது. அசையாது படுத்திருப்பின் கால் நாளங்களிற் கட்டி உண்டாகலாம். அது பெயர்ந்து நுரையீரலை அடையின் உயிருக்கே ஆபத்தாகலாம். “பச்சை உடம்பு, எழும்பாதே” என்று தாயைத் தடுப்பது அன்பினால் விளையும் தவறு. உடல்நிலை இடந்தந்தவுடன் தாதி அவளைக் கைகொடுத்து எழுப்பி நடக்கச் செய்வது இதன்பொருட்டே. ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுநோ என்பன ஒரு கணமும் தாமதிக்கலாகாத அறிகுறிகள்.

தாய் வீடு திரும்பியபின் காவற்பொறுப்பு வீட்டாருக்கும், வீடு தேடி வரும் குடும்ப நல மருத்துவிச்சிக்கும் உரியதாகின்றது. பிள்ளையைப் பார்க்க வருவோர் பலர். தாயைப் பார்ப்போர் சிலரே. “எனக்கு ஏதோ செய்கின்றது” என்று அவள் சொல்வாளாயின், அதனைக் களைப்பென்று தள்ளிவிடாது செவிசாய்ப்போமாக.