அலை ஓய்ந்த பின்னும் ஓயாத நெஞ்சம்

ஆவடியில் இயங்கிய தொழுநோய் ஆய்வுப் பிரிவும், சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனமும் 1999-ஆம் ஆண்டில் இணைக்கப்பட்டுப் பிறந்ததே தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் அதன் கட்டடத்தைப் பார்த்தவாறே கடந்து செல்வோர் நம்மில் பலர். தொற்றுநோய்களைக் கணக்கிடும் அந்நிறுவனத்தார், கிருமியே இல்லாத நோயொன்றையும் ஒருமுறை கணக்கிட முற்பட்டனர்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஆழிப்பேரலை நம் கடற்கரையை வாரிச் சென்றதை இங்கு விவரிக்க வேண்டுவதில்லை. அடுத்த சில மாதங்களில், அவர்கள் மீனவர் சிற்றூர் ஒன்றில் வயதுவந்தோரைச் சந்தித்து வினாத்தாள் ஒன்றைக் கொண்டு விசாரித்தனர். இந்தோசீன அகதிகளின் துயரை அளக்க ஹார்வர்டில் உருவான வினாத்தாள் அது. நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் காணப்பட்டது. பெண்கள், காயமுற்றோர், வருமானமற்ற குடும்பத்தினர் ஆகியோரிடையே அது மிகுந்திருந்தது. அடுப்பெரியாத வீட்டில் மனமும் ஆறுவதில்லை போலும்! மற்ற 87 பேருக்கு அந்நோய் இல்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. துயருற்றோர் அனைவரும் நோயாளிகள் அல்லர்.

அவ்வாறாயின் நோயைப் பிரித்தறிவது எவ்வாறு? இரத்தப் பரிசோதனையோ, ஸ்கேனோ இதற்கு இல்லை. மருத்துவர் பொறுமையுடன் கேட்டறிவதே வழி. உயிருக்கு அஞ்சத்தக்க நிகழ்ச்சியை அவர் எதிர்கொண்டாரா, நேரில் கண்டாரா என்பது முதற்கேள்வி. நடந்தது மீண்டும் இப்போதே நடப்பதுபோல் கனவிலும் நினைவிலும் வந்து தாக்குகிறதா? அவ்விடத்தையும் அப்பேச்சையும் அவர் தவிர்க்கிறாரா? அன்பு செலுத்தவும் மகிழவும் இயலாமல், தம்மையே குற்றவாளியாக எண்ணுகிறாரா? சிறு ஓசைக்கும் திடுக்கிட்டு, உறக்கமின்றி, எரிந்து விழுகிறாரா? இவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் குலைத்தால்தான் இந்நோய் என முடிவுசெய்வர். தலைக்காயம், மனச்சோர்வு, மதுப்பழக்கம் ஆகியனவும் இவ்வாறே தோற்றமளிக்கக்கூடும். அவற்றையும் ஆராய வேண்டும். வினாத்தாளில் பெறும் மதிப்பெண் ஐயத்தை எழுப்புமேயன்றி, தீர்ப்பு வழங்காது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதற்குத் தனிப்பெயர் தந்தது 1980-இல்தான். நம் வீடுகளிலோ "பயந்த கோளாறு" என்று தாயத்துக் கட்டுவதும், "ஆண்பிள்ளை அழலாமா?" என்று அடக்குவதும் இன்றும் தொடர்கின்றன. முந்தையதைவிடப் பிந்தையதே கொடியது என்பது நம் எண்ணம். தாயத்தாவது நோய் இருப்பதை ஒப்புக்கொள்கிறது.

போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். இடிபாட்டிலிருந்து வெளிவந்தவரின் எலும்பு முறிவைப் படம்பிடித்துக் காட்டலாம். மூடிய அறையில் மூச்சுத் திணறுவதை அவராகச் சொன்னாலன்றி யார் அறிவார்?

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவோர், 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம். உடன் செல்லும் உறவினர், உறக்கம், கோபம், வேலைக்குச் செல்லாத நாட்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு சென்றால் மருத்துவருக்குப் பேருதவியாகும். நடந்தது முழுவதையும் முதல் நாளே சொல்லும்படி நோயாளியை வற்புறுத்த வேண்டாம்.